சாங்கியில ஸ்னோ பெய்யாது, ஆனா ஐஸ் இருக்கு: விமானமும் ஐஸும், உங்க கேள்விக்கு என் பதில்

எல்லாருக்கும் வணக்கம். விமானப் பராமரிப்பு இன்ஜினியரா 28 வருஷம் ஓட்டிட்டு இப்ப ரிட்டயர் ஆயிட்டேன், அதுல நாலு குளிர்காலம் வெளியூர் ஸ்டேஷன்ல, மிச்சமெல்லாம் சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்ல ராத்திரி ஷிப்ட். நான் பைலட் இல்ல, அத முதல்லயே சொல்லிடறேன். ஜெட் விமானத்துல ஐஸ் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொன்னதும் இவ்வளவு கேள்வி வரும்னு நெனக்கல. ஒரே மாதிரி வந்தத சேத்துட்டேன்.

தெம்பனிஸ்ல இருந்து ஒரு அக்கா: ஜனவரியில டொரண்டோவுல மகள பாத்துட்டு திரும்புறப்போ, விமானம் பாதி வழியில நின்னு லாரி வந்து மேல ஆரஞ்சு கலர்ல ஒன்னு, அப்புறம் பச்சையா ஒன்னு அடிச்சாங்க. ரெண்டு தடவ எதுக்கு? அதுக்கே அரை மணி நேரம் லேட்டு.

அக்கா, அந்த அரை மணி நேரத்துக்கு கோவப்படாதீங்க. ஆரஞ்சா வந்தது டைப் ஒன், சூடா பீச்சி அடிச்சு ஏற்கனவே ஒட்டியிருக்கிறத கழுவி விடும். பச்சை டைப் ஃபோர், கொழகொழன்னு இருக்கும், கழுவுன இறக்கை மேல போர்வை மாதிரி படுத்துகிட்டு புதுசா விழுற ஸ்னோவ தன்கிட்டயே வாங்கிக்கும். ரெண்டுலயும் பெரும்பாலும் கிளைக்கால்ங்கிற, சீக்கிரம் உறையாத திரவம்தான், கலர் வேற வேற வச்சிருக்கிறது எது எதுன்னு கண்ணால பாத்தே தெரியணும்னுதான். டொரண்டோ பியர்சன் ஏர்போர்ட்டுல இதுக்குன்னே தனி இடம் வச்சிருக்காங்க, உலகத்துலயே பெரிய டி-ஐஸிங் (ஐஸ் நீக்குற) இடங்கள்ல அது ஒன்னு.

அடிச்சதோட வேலை முடியல, அங்கதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்குது. அடிச்ச திரவம் எவ்வளவு நேரம் காப்பாத்தும்ங்கிற இந்த கணக்குக்குப் பேர் ஹோல்டோவர் டைம். எந்த திரவம், எவ்வளவு தண்ணி கலந்தது, வெளிய எத்தன டிகிரி, என்ன விழுது, இத்தனையும் பாத்து டேபிள்ல இத்தன நிமிஷம்னு எடுக்கணும். அமெரிக்காவோட விமானத்துறை அமைப்பு எஃப்ஏஏவும் கனடாவோட டிரான்ஸ்போர்ட் கனடாவும் வருஷா வருஷம் குளிர்காலத்துக்கு முன்னாடி புது டேபிள் போடுவாங்க. நாம தமிழ்ல மார்கழி மாசத்துல புல்லு மேல நிக்கிறதையும் பனின்னுதான் சொல்றோம், ஊட்டியில வெள்ளையா உறைஞ்சு கெடக்கிறதையும் பனின்னுதான் சொல்றோம், சுவிஸ்ல கொட்டுறதும் பனிதான். டேபிள்ல அப்படி சொன்னா கத முடிஞ்சிது, ஒவ்வொன்னுக்கும் தனித்தனி கட்டம். உறையுற மழை கொஞ்சம் பலமாயிட்டாலோ ஆலங்கட்டி விழுந்தாலோ டேபிள்ல நிமிஷமே இருக்காது, அப்ப காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்னு, புதுசா வர்றவங்க தப்பு பண்ற எடம் இது. நேரம் எண்ணுறது அடிச்சு முடிச்சதுல இருந்து இல்ல, கடைசி கோட் அடிக்க ஆரம்பிச்ச நொடியில இருந்து. பெரிய விமானத்துக்கு அடிக்கவே பத்து நிமிஷம் ஆச்சுன்னா அந்த பத்து நிமிஷம் கணக்குல போயிடுச்சு. நேரம் தாண்டிட்டா பைலட் சும்மா 'பாத்தா நல்லாத்தான் இருக்கு'ன்னு கெளம்ப முடியாது. அமெரிக்க விதிப்படி டேக்-ஆஃப் பண்றதுக்கு முன்னாடி 5 நிமிஷத்துக்குள்ள இறக்கையெல்லாம் சுத்தம்னு செக் பண்ணி உறுதி ஆகணும், இல்லன்னா திரும்பி வந்து மறுபடி அடிச்சுக்கணும்.

பாலிடெக்னிக்ல ஏரோஸ்பேஸ் படிக்கிற தம்பி: அங்கிள், தண்ணி உறையுறது 0 டிகிரியில. ஆனா மேனுவல்ல 10 டிகிரியிலயே ஆன்டி-ஐஸ் (ஐஸ் படியாம சூடாக்குற சிஸ்டம்) போடுன்னு இருக்கு. ஏன்?

நல்ல கேள்வி தம்பி, என் கூட வேல செஞ்ச சிலருக்கே இதுக்கு பதில் தெரியாது. பெரும்பாலான ஜெட்டுக்கு ஐஸிங் கண்டிஷன்னா ரெண்டு விஷயம் ஒன்னா இருக்கணும்: வெப்பநிலை 10 டிகிரி அல்லது அதுக்கும் கீழ, கூடவே கண்ணுக்குத் தெரியுற ஈரம், அதாவது மேகம், மழை, ஸ்னோ, இல்ல ஒரு மைலுக்கு மேல பார்வை போகாத மூடுபனி. வெறும் குளிர் மட்டும் இருந்தா ஐஸ் வராது, ஈரம் மட்டும் இருந்தாலும் வராது.

0 இல்லாம 10 ஏன்னா, தரையில நிக்கிறப்போ இன்ஜின் காத்த உறிஞ்சி இழுக்குது இல்ல, அந்த வாய்க்குள்ள அழுத்தம் குறையும், அழுத்தம் கொறைஞ்சா காத்து குளிர்ந்து போகும், வெளிய 6 டிகிரின்னு காட்டினாலும் வாய்க்குள்ள உறையலாம். பறக்கிறப்போ கத தலைகீழ். மேல வெளிக்காத்து மைனஸ் 50 இருந்தாலும் வேகத்துல மோதி சூடாகுறதால வெளிய நீட்டிகிட்டு இருக்கிற வெப்பநிலை ப்ரோப்ல சுமார் 30 டிகிரி கூடவே காட்டும். அதனாலதான் பறக்கிறப்போ பைலட் பாக்கிறது இந்த சூட்டையும் சேத்த டோட்டல் டெம்பரேச்சர். வெளிக்காத்து மைனஸ் 40க்கும் கீழ போயிட்டா ஏறும்போதும் க்ரூஸ்லயும் இன்ஜின் ஆன்டி-ஐஸ் பொதுவா வேணாம், அந்த குளிர்ல திரவத் துளி இருக்காது, எல்லாம் ஏற்கனவே கல்லு. இறங்க ஆரம்பிக்கிறப்போ மேகம் இருந்தா மறுபடி போட்டுடணும்.

0 டிகிரிக்கு கீழயும் தண்ணி தண்ணியாவே இருக்கும்ங்கிறத நம்பலன்னா, ஒரு மினரல் வாட்டர் பாட்டில ஆடாம அசையாம ஃப்ரீஸர்ல படுக்க வச்சு, சரியான நேரத்துல எடுத்து மேசையில ஒரு தட்டு தட்டு. கண்ணு முன்னாடியே கட்டியாகும். மேகத்துல இருக்கிற துளியும் அப்படித்தான், தட்ட ஒரு ஆள் வர்ற வரைக்கும் காத்துகிட்டு இருக்கும். அந்த ஆள் இறக்கையோட முன் விளிம்பு.

கிராப் டாக்ஸி ஓட்டுற அண்ணன் ஒருத்தர்: நம்ம ஊருல 23 டிகிரிக்கு எறங்குனாலே ஸ்வெட்டர் தேடுறோம். இங்க ஓட்டுற பைலட்டுக்கு இதெல்லாம் எதுக்கு?

அண்ணே, தோ பாயோவுல நின்னுகிட்டு நேரா மேல பாருங்க. சுமார் 5 கிலோமீட்டர் ஒசரத்துல உறைநிலை. ஆர்ச்சர்ட் ரோடு தூரம் கணக்குல பாத்தா ஒரு தடவ போயிட்டு வர்ற தூரம்தான். சுமத்ராவுல இருந்து விடியக்காலையில வர்ற புயல் காத்தோட மேகம் 50,000 அடியையும் தாண்டும், அதுக்குள்ள என்ன இருக்கும்னு நெனக்கிறீங்க?

நம்ம பக்கத்து மேகத்தோட ஆபத்து இறக்கையில ஒட்டுற ஐஸ் கூட இல்ல, ஐஸ் கச்சாங் மாதிரி பொடிப்பொடியா இருக்கிற ஐஸ் துகள். இது காஞ்ச துகள், இறக்கையில பட்டா தெறிச்சு போயிடும், வெதர் ரேடார்லயும் சரியா தெரியாது. ஆனா இன்ஜினுக்குள்ள போனா அங்க சூட்டுல பாதி உருகி, உள்ள ஒட்டி, மறுபடி உறையும். 2013ல ஜிஇஎன்எக்ஸ் இன்ஜின் போட்ட 747-8, 787 விமானங்கள்ல இப்படி பவர் கொறைஞ்ச சம்பவங்கள் வந்ததும், இந்த மாதிரி மேகத்துல இருந்து 50 நாட்டிகல் மைல் தள்ளியே போன்னு உத்தரவு வந்துச்சு. அப்ப ஜப்பான் ஏர்லைன்ஸ் 787அ எந்த ரூட்ல இருந்து எடுத்துச்சு தெரியுமா? டோக்கியோ-டெல்லி, டோக்கியோ-சிங்கப்பூர். ஸ்னோ பெய்யுற ரூட் எதுவும் இல்ல பாருங்க.

2009 ஜூன் 1 ஏர் ஃபிரான்ஸ் 447ம் இதே கததான். ரியோவுல இருந்து பாரிஸ் போற ஏ330, பூமத்திய ரேகை கிட்ட மேகத்துல வேகம் அளக்கிற பிட்டோ குழாய் ஐஸ் துகளால அடைச்சிடுச்சு, ஆட்டோபைலட் கழண்டுடுச்சு. அடைப்பு நின்னது ஒரு நிமிஷத்துக்கும் கம்மிதான். ஆனா அதுக்குள்ள மூக்க தூக்கி பிடிச்சிட்டாங்க, விமானம் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கையில தூக்குவிசை போய், 228 பேர் போயிட்டாங்க. வேகம் தப்பா காட்டினா மூக்கு எத்தன டிகிரி, பவர் எவ்வளவு, இத ரெண்ட மட்டும் பிடிச்சு வச்சுட்டு உக்காருன்னு இன்னிக்கு எல்லா சிமுலேட்டர்லயும் திரும்பத் திரும்ப பழக்குறாங்க.

உட்லண்ட்ஸ்ல இருந்து: அப்ப 2014ல சுராபாயால இருந்து இங்க வந்துகிட்டிருந்த ஏர்ஏசியா 8501ம் ஐஸ்தானே?

இல்லைங்க. முதல் சில நாள்ல இந்தோனேசிய வானிலை அலுவலகம் ஐஸ்ஸா இருக்கலாம்னு சொன்னது எல்லார் மனசுலயும் அப்படியே தங்கிடுச்சு. 2015 டிசம்பர்ல வந்த விசாரணை அறிக்கை சொன்னது வேற: வால்ல விமானத்த திருப்புற ரடர் சம்பந்தப்பட்ட ஒரு சர்க்யூட்டுல ஈயப்பத்து வெடிப்பு, அதே எச்சரிக்கை திரும்பத் திரும்ப வர, அத நிறுத்தப்போய் ஆட்டோபைலட் போயிடுச்சு, அதுக்கப்புறம் ஸ்டால். 162 பேர். வாட்சாப்ல இன்னும் ஐஸ்னுதான் சுத்துது.

பொங்கோல்ல இருந்து ஒரு தங்கச்சி: ஆன்டி-ஐஸ எப்பவும் ஆன்லயே வச்சா என்ன? மறக்கவும் மாட்டாங்க.

ஓசியில வர்றது இல்லம்மா. பெரும்பாலான ஜெட்டுல அது இன்ஜின்ல இருந்து எடுக்கிற சூடான காத்து, அத எடுத்தா தள்ளுவிசை கொறையும், எண்ணெய் கூட எரியும், டேக்-ஆஃப் கணக்கையே மாத்திப் போடணும். 787ல மட்டும் இறக்கைக்கு மின்சார சூடு. வெயில்ல போட்டா உலோகம் காய்ஞ்சு கெட்டும் போகலாம்.

ஆனா மறந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு 1982 ஜனவரி 13, வாஷிங்டன், ஏர் ஃப்ளோரிடா 90. ஸ்னோ கொட்டுது, செக்லிஸ்ட்ல ஆன்டி-ஐஸ்னு ஒருத்தர் படிக்க, ஆஃப்னு மத்தவர் பதில் சொல்லிட்டார். இன்ஜின் மூக்குல இருக்கிற அழுத்த ப்ரோப் உறைஞ்சு போய், இன்ஜின் பவர் மீட்டர்ல 2.04ன்னு காட்டுது, நெசத்துல இருந்தது 1.70தான். பைலட்டுங்க பாக்கிற மீட்டர்ல எல்லாம் சரி. முன்னாடி நின்ன விமானத்தோட புகைச் சூட்டுல இறக்கை காயட்டும்னு அது பின்னாடியே ஒட்டி நின்னாங்க, உருகுன தண்ணி பின்னாடி போய் உறைஞ்சதுதான் மிச்சம். ஏறி பாலத்துல இடிச்சு போட்டோமாக் ஆத்துல விழுந்துச்சு. 78 பேர், அதுல 4 பேர் பாலத்துல கார்ல போனவங்க.

என்எஸ் (கட்டாய ராணுவ சேவை) முடிச்சிட்டு சாங்கியில பார்ட் டைம் பாக்கிற தம்பி: லண்டன்ல இருந்து வந்து நிக்கிற விமானத்துக்கு இறக்கை அடியில வெள்ளையா படிஞ்சிருந்துச்சு. 30 டிகிரி வெயில்ல எப்படி?

இதத்தான் நான் எதிர்பாத்துட்டு இருந்தேன். 13 மணி நேரம் மைனஸ் 50ல பறந்துட்டு வந்தா டேங்க்ல மிச்சம் இருக்கிற எண்ணெய் நல்லா குளிர்ந்து போயிருக்கும், டேங்க் எங்க இருக்கு, இறக்கைக்குள்ளயே. நம்ம ஊர் ஈரக்காத்து பட்டதும் தே பிங் (ஐஸ் டீ) கிளாஸ் வேர்க்குற மாதிரி வேர்த்து, அதுவே உறையும். அடிப்பக்கம் டேங்க் இருக்கிற இடத்துல 3 மில்லிமீட்டர் வரைக்கும் பெரும்பாலான டைப்புக்கு அனுமதி உண்டு. மேல்பக்கம்தான் விவகாரம், அங்க சுத்தமா இருக்கணும். சாண்ட்பேப்பர் மாதிரி சொரசொரப்பா படிஞ்சாலே தூக்குவிசை 30 சதவீதம் வரைக்கும் கொறையலாம், இழுவை 40 சதவீதம் வரைக்கும் கூடலாம்.

மேல்பக்கத்துல கண்ணாடி மாதிரி படிஞ்சா கண்ணுக்கே தெரியாது. 1991 டிசம்பர் 27ல ஸ்டாக்ஹோம்ல கெளம்புன எஸ்ஏஎஸ் 751ல அதுதான் நடந்துச்சு, எம்டி-81க்கு இன்ஜின் வால் பக்கம், இறக்கையில இருந்த ஐஸ் பிச்சுகிட்டு ரெண்டு இன்ஜினுக்குள்ளயும் போயிடுச்சு. வயல்ல இறங்கி மூணா உடைஞ்சும் 129 பேரும் பிழைச்சாங்க.

எனக்கும் ஒன்னு நடந்துச்சு. வெளியூர் ஸ்டேஷன்ல முதல் குளிர்காலம், விடியக்காலை 4 மணி. ஏணி மேல நின்னு டார்ச் அடிச்சு பாத்தேன், இறக்கை பளபளன்னு நனைஞ்ச மாதிரி இருந்துச்சு, ஓகேன்னுட்டு கீழ எறங்கிட்டேன். எங்க சீனியர் பேசவே இல்ல, என் வலது கை கிளவுஸ கழட்டி என் கையிலயே குடுத்து ஏணிய காட்டினாரு. வெறுங்கைய வச்சு இறக்கை உடம்போட சேர்ற எடத்துல தடவுனா, ஈரம் ஒட்டல, வழுக்குச்சு. நகத்தால சுரண்டுனா நகம்தான் மடங்குச்சு. ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஐஸ். டி-ஐஸிங் லாரிய கூப்பிட்டோம், விமானம் 40 நிமிஷம் லேட்டு, ஆபீஸ்ல இருந்து என்னைத்தான் திட்டினாங்க. பரவால்ல.

அங் மோ கியோவுல இருந்து: எண்ணெயே உறைஞ்சு போகாதா?

விமான எண்ணெய் ஜெட் ஏ-1 உறையுறது மைனஸ் 47ல. அதுக்கு முன்னாடியே பைலட் கீழ இறங்கியோ வேகத்த கூட்டியோ சமாளிப்பாங்க. ஆனா எண்ணெய்ல கரைஞ்சிருக்கிற துளி தண்ணி உறையும், 2008ல ஹீத்ரோவுல ரன்வேக்கு முன்னாடியே புல்லுல விழுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 777 அதனாலதான்.

செங்காங்ல இருந்து ஒரு அம்மா: ஜன்னல் சீட்ல உக்காந்திருக்கேன், இறக்கை மேல வெள்ளையா இருக்கு. நான் சொல்லலாமா? சிரிப்பாங்களோ?

சொல்லுங்கம்மா. 1989 மார்ச் 10, கனடாவுல டிரைடன்ங்கிற சின்ன ஊரு, ஏர் ஒன்டாரியோவோட ஃபோக்கர் எஃப்28. இன்ஜின ஸ்டார்ட் பண்ண உதவுற ஏபியுங்கிற சின்ன இன்ஜின் வேல செய்யல, அந்த ஊருல இன்ஜின ஸ்டார்ட் பண்ற மெஷினும் இல்ல, அதனால இன்ஜின அணைக்க பயந்து ஓட விட்டே எண்ணெய் போட்டாங்க. இன்ஜின் ஓடுறப்போ அந்த டைப்புக்கு டி-ஐஸிங் அடிக்கக்கூடாது, அடிக்காமலே கெளம்பிட்டாங்க. இறக்கை மேல ஸ்னோ இருந்தத பயணிகள் பாத்தாங்க, விமானப் பணிப்பெண் பாத்தாங்க, பயணியா வந்த ரெண்டு ஏர்லைன் கேப்டனும் அதே கேபின்ல இருந்தாங்க. காக்பிட்டுக்கு ஒரு வார்த்தை போகல, அவங்களுக்கு தெரியாமலா இருக்கும்னு ஆளாளுக்கு நெனச்சிட்டாங்க. 24 பேர் இறந்தாங்க. நீதிபதி மொஷான்ஸ்கி கமிஷன் நடத்துன விசாரணைக்கு அப்புறம்தான் இன்னிக்கு இருக்கிற டி-ஐஸிங் விதிங்க பலதும் இறுகுச்சு.

காக்பிட்ல இருந்து இறக்கை எல்லா விமானத்துலயும் தெரியாது, உங்க ஜன்னல்ல இருந்து தெரியும். பெல்ல அழுத்தி, 'இறக்கை மேல வெள்ளையா இருக்கு, பைலட்டுக்கு சொல்லுங்க'ன்னு மட்டும் சொல்லுங்க, டேக்-ஆஃப்க்கு ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. பச்சையா கொழகொழன்னு இருந்தா மட்டும் விட்டுடுங்க, அது அக்கா கேட்ட போர்வை, ஓடுற வேகத்துல தானா வழிஞ்சு போயிடும்.