ஒற்றைச் சக்கர சைக்கிளுக்குத் துணை தேடுவோருக்கு

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், 20 அங்குல ஒற்றைச் சக்கர சைக்கிளை வீட்டுச் சுவரைப் பிடித்தபடியே ஓட்டிப் பழகுகிறாள். சேலத்தில் இதை ஓட்டுபவர் யாரையும் எங்களுக்குத் தெரியாது. சேர்ந்து பழக ஒரு குழுவை எங்கே தேடுவது?
– ஒரு வாசகர், கன்னங்குறிச்சி

பதில்: இதற்கென்றே ஒரு குழு தென்படும் வரை காத்திருக்க வேண்டாம். இன்னும் ஒருவர், அனுமதி பெற்ற ஒரு கூடைப்பந்து மைதானம், வாரத்தில் மாறாத ஒரு நேரம் ஆகியவை அமைந்தால் போதும். ஸ்கேட்டிங் பழகும் பிள்ளைகளின் பெற்றோரிடமும், ஞாயிறு காலையில் கூட்டமாகச் சைக்கிளில் கிளம்புபவர்களிடமும் சொல்லி வையுங்கள். சமநிலை விளையாட்டில் ஏற்கெனவே ருசி கண்டவர்கள் இதற்கும் ஆவலோடு வருவார்கள். தொடக்கத்தில் ஆளுக்கொரு சைக்கிள் தேவையில்லை. இருக்கைத் தண்டை இறுக்கும் கிளாம்பைத் தளர்த்தி, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் முழங்கால் ஏறக்குறைய நேராக நிற்கும்படி இருக்கையின் உயரத்தை அவரவருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

துணை ஏன் அவசியம் என்றால், இதில் வரும் தவறுகள் ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. உடலின் எடை இருக்கையில் இறங்காமல் பெடல்களின் மேலேயே நிற்பதையும், கண்கள் எதிரே தொலைவில் பதியாமல் சக்கரத்தையே பார்ப்பதையும் பக்கத்தில் நிற்பவர்தான் கவனித்துச் சொல்ல முடியும். கை கொடுப்பவர் மகளின் கையை இறுகப் பற்றி இழுக்கக் கூடாது. தன் கையை அசையாமல் நீட்டி, அவளே அதன்மேல் கை வைத்துக்கொள்ளும்படி கூடவே நடக்க வேண்டும்.

பயிற்சியாளர் இல்லையே என்று தயங்க வேண்டாம். சர்வதேச யூனிசைக்கிள் (ஒற்றைச் சக்கர சைக்கிள்) கூட்டமைப்பு இந்தத் திறனை 1 முதல் 10 வரை படிநிலைகளாக வகுத்திருக்கிறது. யாருடைய உதவியும் இன்றி ஏறி, 50 மீட்டர் ஓட்டி, சைக்கிளை முன்பக்கம் பிடித்தபடி ஒழுங்காக இறங்குவதுதான் முதல் படி. உங்கள் குழுவுக்கு அதையே பாடத்திட்டமாக வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் சோதித்துக்கொள்ளலாம். 1984 முதல் யூனிகான் என்ற உலகப் போட்டி நடந்துவருகிறது என்பதையும், ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளே பள்ளி மைதானத்தில் இதை ஓட்டுகிறார்கள் என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். தான் தனியாக இல்லை என்று அவளுக்குத் தோன்றும்.

சேலத்தில் சர்க்கஸ் கூடாரம் போடும்போது, நிர்வாகியிடம் அனுமதி கேட்டு, இதை ஓட்டும் கலைஞர்களின் பயிற்சி நேரத்தில் மகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். 1901-இல் கேரளத்தின் தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கிய காலத்திலிருந்து தென்னாட்டில் வேரூன்றிய கலை அது. அந்தக் கலைஞர்களுக்குக் கைதட்டிவிட்டு மறந்துபோகிறோமே தவிர, அவர்களிடம் கற்றுக்கொள்ள நினைப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

ஒரு எச்சரிக்கை. இருக்கையை முன்பின் மாற்றிப் பொருத்திவிட்டு ஓட்டினால், இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இருப்பதால், மிதிக்க மிதிக்கப் பெடல்கள் கழன்று, அவற்றைச் சக்கரத்தோடு இணைக்கும் கிராங்க் கெட்டுவிடும். பெடல்களில் உள்ள இடது, வலது குறிகளைப் பார்த்து, இடதுகாலுக்கு உரியது இடப்பக்கம் வருமாறு உட்காரச் சொல்லுங்கள். சைக்கிள் கடைக்காரருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நண்பர்கள் மூவர் சமவெளியில் ஒற்றைச் சக்கர சைக்கிளைத் தடுமாறாமல் ஓட்டுகிறோம். ஏற்காடு மலைப்பாதையில் சேர்ந்து இறங்கலாமா?
– ஒரு கல்லூரி மாணவர், ஏற்காடு அடிவாரம்

பதில்: வேண்டாம். பேருந்தும் லாரியும் திரும்பும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் உங்களுக்கு ஒதுங்க இடம் இருக்காது. இந்தச் சைக்கிளில் சக்கரம் சுழலும் வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும். ஆகவே இறக்கம் முழுவதும் கால்களாலேயே வேகத்தை எதிர்த்துத் தாங்க வேண்டியிருக்கும். மலையில் ஓட்டுவோர் தடித்த டயரும் பிரேக்கும் உள்ள 24 அங்குலச் சைக்கிளோ அதைவிடப் பெரியதோ வைத்துக்கொள்வதற்குக் காரணம் அதுதான். மேலே போக ஆசையிருந்தால், சைக்கிள்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், உரிமையாளரின் அனுமதியோடு காபித் தோட்டத்துக்குள் செல்லும் சரிவு குறைந்த மண்பாதையில், ஹெல்மெட்டும் மணிக்கட்டு, முழங்கால் உறைகளும் அணிந்து ஓட்டுங்கள். ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவர் மோதாதபடி இடைவெளி விட்டுச் செல்லுங்கள்.