கதவு இல்லாத வீட்டில் கவுன்சிலிங்

அண்ணா,

வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். மகனுக்குப் பதினாறு வயது, ப்ளஸ் ஒன். ராத்திரி இரண்டு மணி வரை போனில் கேம். ஒருநாள் ஆத்திரத்தில் போனைத் தண்ணி ட்ரம்மில் போட்டுவிட்டேன். இரண்டு நாள் சாப்பிடவில்லை, பயந்துபோய் வேறு போன் வாங்கிக் கொடுத்தோம். வேலை செய்யும் இடத்தில் சொன்னார்கள் என்று ஆன்லைன் கவுன்சிலிங்கில் சேர்த்தேன். மூன்று தடவை ஆகிவிட்டது. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன், 'ம்', 'இல்ல', 'தெரியல' தவிர அவன் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். "குடிகாரனை ஒயின்ஷாப்புல உக்கார வெச்சா திருத்துவாங்க?" என்று சிரிக்கிறார். கட்டிய பணம் வீண்தானா? இதெல்லாம் வேலை செய்யுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதை முதலில் தள்ளி வைத்துவிடலாம். பையனைப் பிடித்து வைத்திருப்பது கேம். கவுன்சிலிங்கில் அவனோடு பேசுவது ஒரு மனுஷக் குரல். அந்தக் குரலுக்கு ஸ்மார்ட்போன்கூடத் தேவையில்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் இருக்கிறது, 14416 என்று பட்டன் போனில் அடித்தாலும் எடுப்பார்கள். இருபத்துநாலு மணி நேரமும், தமிழிலேயே, காசில்லாமல். பணத்தைப் பற்றிய கேள்விக்கும் அதுவே என் பதில்.

நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறு ஒரு வரி. "பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன்."

ஏன் உட்கார்ந்தீர்கள்? பதினாறு வயதுப் பையன், முகம் தெரியாத ஒருவரிடம், அம்மா அரை அடி தூரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, என்ன பேசுவான்? உங்களைப் பற்றிச் சொல்ல அவனிடம் ஏதாவது இருந்தால்? அப்பாவைப் பற்றி? பள்ளிக்கூடத்தில் யாராவது அவனை ஏதாவது செய்திருந்தால்? அந்த மூன்று 'தெரியல'வும் கவுன்சிலருக்குச் சொன்ன பதில் இல்லை தங்கச்சி, உங்களுக்குச் சொன்னது.

வீட்டில் இருப்பதே ஒரு ரூம், எங்கே போய் உட்காரச் சொல்கிறீர்கள் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இதைப் பற்றித்தான் பல நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது. "அமைதியான தனி அறையில் அமர்ந்து கதவை மூடிக்கொள்ளுங்கள்" என்று இந்தச் சேவைகள் எல்லாவற்றிலும் சொல்கிறார்கள். கொடுங்கையூரிலும் புளியந்தோப்பிலும் தண்டையார்பேட்டையிலும் எத்தனை வீட்டில் மூடுவதற்கு ஒரு கதவு இருக்கிறது? உள்ளே இருப்பது குளிக்கிற இடத்துக் கதவு ஒன்றுதான், அதையும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் மூடினால் வெளியிலிருந்து தட்டுவார்கள். நம் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூசுவார்கள். 1794-லிருந்து இருக்கிற கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை நாம் மருத்துவமனையாகவா நினைக்கிறோம், 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று திட்டுகிற வார்த்தையாக அல்லவா வைத்திருக்கிறோம். அங்கே போனால் தெரு பார்க்கும் என்று பயந்துதான் போனில் பேச வருகிறோம். இங்கே வீடு மொத்தமும் கேட்கிறது. பக்கத்து வீடும் சேர்த்து.

எங்கள் அப்பாவுக்கு லாட்டரி. துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வருகிற வழியிலேயே கூலியில் பாதி சுரண்டல் சீட்டாகப் போய்விடும். விழாத நம்பர்களையெல்லாம் என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, கூட்டிக் கழித்து, அடுத்தது எது விழும் என்று விடிய விடிய பார்ப்பார். இப்போது உங்கள் மகனின் கண்ணை நினைத்தால் எனக்கு அந்தக் கண்தான் வருகிறது. 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தபோது அம்மா சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினாள். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு ஏழெட்டு வருஷம் முந்தைய கதை. எங்கள் தெருமுனையில் ஒரு எஸ்டிடி பூத் இருந்தது. ராத்திரி ரேட் குறைகிற நேரமாகப் பார்த்து அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு போவாள். என்னை வெளியே ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு, வேலூரில் இருந்த பெரியம்மாவுக்குப் போன் போடுவாள். சிவப்பு நம்பர் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே அவள் அழுவது தெரியும், என்ன சொல்கிறாள் என்று ஒரு எழுத்துகூடக் கேட்காது. வீட்டில் ஒரு நாளும் அழாதவள். வெளியே வரும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி வா, பன் வாங்கித் தரேன்" என்பாள். பெரியம்மா என்ன பெரிய வைத்தியமா செய்துவிட்டார்? கேட்டார், அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிஷம் இல்லாவிட்டால் அம்மா என்ன ஆகியிருப்பாள் என்று இந்த வயதிலும் நினைத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

பூத் போய்விட்டது. ஆளுக்கொரு போன் வந்துவிட்டது, சாத்துவதற்குக் கதவுதான் இல்லை.

இன்னொரு விஷயம், கோபமாகவே சொல்கிறேன். போனை ட்ரம்மில் போட்டீர்களே, அது அடிப்பதைவிட மோசம். அவனுடைய சிநேகிதர்கள், பேச்சு, ஜெயித்தது தோற்றது எல்லாம் அதற்குள்தான் இருந்தது. இரண்டு நாளில் மறுபடி வாங்கிக் கொடுத்ததன் மூலம், சாப்பிடாமல் இருந்தால் கிடைக்கும் என்று நீங்களே கற்றுக்கொடுத்துவிட்டீர்கள். 'அடிக்ட்' என்ற வார்த்தையையும் அவன் காதுபட யாரும் சொல்லாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறு என்பதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, உண்மைதான். ஆனால் கட்டுப்பாடு கைவிட்டுப் போய், மற்ற எல்லாவற்றையும் விட அதுவே பெரிதாகி, கெடுதல் வந்த பிறகும் தொடர்ந்து, அதுவும் பொதுவாக ஒரு வருஷமாவது நீடித்திருக்கிறதா என்று பார்த்துத்தான் டாக்டரே அந்தப் பெயரை வைப்பார். நாம் அவசரப்பட்டு வைக்க வேண்டாம். தூக்கம் வராமல்தான் கேமுக்குப் போகிறானோ, மனசு சரியில்லாமல் போகிறானோ, யார் கண்டது? அதைக் கண்டுபிடிக்கத்தான் பேச வைக்கிறோம். செத்துப்போறேன் என்கிற மாதிரி ஒரு வார்த்தை அவன் வாயில் வந்தால் மட்டும் அடுத்த கவுன்சிலிங் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அந்த நிமிஷமே 14416, இல்லையென்றால் நேராக ஸ்டான்லி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு.

அடுத்த தடவை ஆரம்பத்தில் கவுன்சிலரிடம் நீங்களே கேளுங்கள், எவ்வளவு நேரம் நான் இருக்க வேண்டும், எப்போது எழுந்து போகட்டும் என்று. சின்னப் பையன் என்பதால் கொஞ்ச நேரம் பெரியவர் தேவைப்படலாம். அப்புறம் எழுந்துவிடுங்கள். என்ன பேசினாய் என்று பிறகு துருவாதீர்கள்.

எங்கே உட்கார வைப்பது என்றால், உங்கள் கடிதத்திலேயே இடம் இருக்கிறது. ராத்திரி சவாரி முடிந்து ஆட்டோ வாசலில்தானே நிற்கும்? இரண்டு பக்கமும் மழைக்குப் போடுகிற படுதாவை இறக்கிவிட்டு, பின் சீட்டில் அவனை உட்காரச் சொல்லுங்கள், காதில் ஹெட்செட். சிரிக்கிற மனுஷனுக்கு ஒரு வேலை கொடுங்கள். முக்கால் மணி நேரம் எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்று, தெருப் பிள்ளைகள் யாரும் ஆட்டோவில் ஏறாமல் பார்த்துக்கொள்ளட்டும். அவர் டீ குடித்துக்கொண்டே பார்ப்பார், மகன் உள்ளே பேசுவது தெரியும், ஒன்றும் கேட்காது.

முடிந்ததும் இரண்டு பேருக்கும் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.