162 ஆட்டங்களும் ஓர் அணியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பாஸ்டனில் இருக்கும் மகள் வீட்டில் சென்ற கோடையில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் மாலையானால் வாசற்படியில் ரேடியோவை வைத்துக்கொண்டு ரெட் சாக்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டத்தைக் கேட்பார். தோற்றால் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போவார். மறுநாள் அதே படி, அதே ரேடியோ. ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்களாம். அவருக்கு எப்படி அலுக்காமல் இருக்கிறது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஏப்ரலில் சூடுபிடித்துச் செப்டம்பர் இறுதிவரை, ஏறக்குறைய நாள்தோறும் ஆட்டம். இத்தனை ஆட்டங்கள் இருப்பதால் மிகச் சிறந்த அணியும் பெரும்பாலும் 50, 60 தடவை தோற்கும். கடைசி இடத்தில் கிடக்கும் அணியும் பெரும்பாலும் 50, 60 தடவை வென்றுவிடும். ஐ.பி.எல். தொடரில் ஓர் அணிக்கு லீக் சுற்றில் 14 ஆட்டங்களே என்பதால் ஒரு தோல்வியே புள்ளிப் பட்டியலைப் புரட்டிப் போடுகிறது. அந்தப் பெரியவரின் முணுமுணுப்புக்கோ மறுநாள் மாலை வரைதான் ஆயுள்.

ரேடியோவுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. ஜோ காஸ்டிலியோனி என்ற வர்ணனையாளர் 1983 முதல் 2024 வரை ரெட் சாக்ஸ் ஆட்டங்களை ரேடியோவில் சொல்லிவந்தார். நாற்பது கோடைகளுக்கு மேல் ஒரே குரல் சமையலறையிலும் காரிலும் வாசற்படியிலும் ஒலித்தால், அது வீட்டு மனிதரின் குரலாகவே ஆகிவிடுகிறது. ஆட்டத்தில் ஒன்றும் நடக்காத இரவுகளில்கூட அந்தக் குரலுக்காக ரேடியோவைத் திறந்தவர்கள் ஏராளம் என்றே நான் நம்புகிறேன்.

கேள்வி: ஒரு பருவத்தை முழுவதும் பின்தொடர்ந்த ரசிகருக்கும், இறுதி ஆட்டங்களை மட்டும் பார்ப்பவருக்கும் அப்படியென்ன வித்தியாசம்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அதே ரெட் சாக்ஸ் அணியின் 2004ஆம் ஆண்டைக் கொண்டே சொல்கிறேன். 1918இல் பட்டம் வென்ற அந்த அணி, அதன்பின் 1946, 1967, 1975, 1986 ஆகிய நான்கு ஆண்டுகளில் உலகத் தொடர் எனப்படும் இறுதித் தொடருக்கு வந்தும், நான்கு முறையும் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. கைக்கெட்டியது வாய்க்கெட்டாத கதை தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது.

2004 ஏப்ரல் நன்றாகவே தொடங்கியது. ஆனால் மே, ஜூன், ஜூலை மூன்று மாதங்களும் வெற்றியும் தோல்வியுமாக இழுபறியில் கழிந்தன. ஜூலை 31 அன்று, ஊரே கொண்டாடிய நோமார் கார்சியபாராவை அணி வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டது. ரசிகர்களின் மனம் வெந்துபோயிருந்த அந்த நாளில், டேவ் ராபர்ட்ஸ் என்ற வேகமான ஓட்டக்காரர் சத்தமில்லாமல் அணிக்குள் வந்தார். அவர் வந்ததைப் பெரிதாகக் கவனித்தவர்கள் குறைவு. அதற்குப் பின் ஆடிய 60 ஆட்டங்களில் 42ஐ வென்று, 98 வெற்றிகளுடன் அணி அடுத்த சுற்றுக்குள் நுழைந்தது.

அக்டோபரில், உலகத் தொடருக்குப் போக நான்கு ஆட்டங்களை வென்றாக வேண்டிய தொடரில், பரம எதிரியான நியூயார்க் யாங்கீஸ் அணியிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் இழந்தார்கள். மூன்றாவதில் 19–8 என்ற அவமானம் வேறு. நான்காவது ஆட்டம் 17ஆம் தேதி இரவு, ஃபென்வே பார்க் மைதானத்தில் நடந்தது. வழக்கமாக ஆட்டம் முடியும் ஒன்பதாவது இன்னிங்ஸில் 4–3 எனப் பின்தங்கியிருந்தபோது, ரெட் சாக்ஸின் கெவின் மில்லார் குறிதவறி வந்த நான்கு பந்துகளை அடிக்காமல் விட்டு, அதற்குரிய சலுகையாக முதல் பேஸுக்கு (ஓட்டக்காரர் வரிசையாகத் தொட வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது) போனார். அவருக்குப் பதிலாக ஓட ராபர்ட்ஸ் வந்து நின்றார். யாங்கீஸுக்காகப் பந்து வீச நின்றவர் மரியானோ ரிவேரா. ஆட்டத்தை முடித்துவைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ராபர்ட்ஸ் இரண்டாவது பேஸைத் ‘திருட’, அதாவது மட்டையாளர் அடிக்கும்வரை காத்திராமல் ஓடிப்போய்ப் பிடிக்க, முயல்வார் என்று மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ரிவேரா மூன்று முறை முதல் பேஸுக்குப் பந்தை எறிந்து அவரை மடக்கப் பார்த்தார். மட்டையாளரை நோக்கி முதல் பந்தை வீசியவுடன் ராபர்ட்ஸ் ஓடினார், பாய்ந்து விழுந்தார், இமைப்பொழுது வித்தியாசத்தில் பேஸைத் தொட்டுவிட்டார். அடுத்து பில் மில்லர் அடித்த அடியில் அவர் ஓடிவந்து ஆட்டத்தைச் சமன் செய்ய, ஆட்டம் நீண்டுபோய் 12ஆவது இன்னிங்ஸில் டேவிட் ஓர்டிஸின் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போன்ற அடி) வெற்றியைத் தந்தது. அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்று, பின்னர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸை நேராக நான்கு ஆட்டங்களில் சாய்த்து, அக்டோபர் 27 அன்று 86 ஆண்டுகளுக்குப் பிறகு பட்டத்தைக் கைப்பற்றினார்கள்.

அன்றைக்கு முதன்முதலாக ஆட்டம் பார்த்தவருக்கும் ராபர்ட்ஸின் ஓட்டம் விறுவிறுப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஜூலை 31இன் கசப்பை விழுங்கியவருக்கே, கண்டுகொள்ளாமல் விட்ட அந்த மனிதர் இப்போது எதைச் சுமந்துகொண்டு ஓடுகிறார் என்பது தெரியும். பட்டம் வென்றபின் பலர் அணியின் கொடியையும் செய்தித்தாளையும் எடுத்துக்கொண்டு, காத்திருந்தே காலமான பெற்றோரின் கல்லறைகளுக்குப் போனார்கள். அந்தச் செய்தியை எப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கனத்துவிடுகிறது.

கேள்வி: வரும் பருவத்திலிருந்து ஓர் அணியைத் தொடர விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: கோடு போட்ட நோட்டும் பென்சிலும் வாங்கி, ஸ்கோர் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் எண் உண்டு: பிட்சர் (பந்து வீசுபவர்) 1, கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) 2, முதல் பேஸ்காரர் 3, இரண்டாவது 4, மூன்றாவது 5, ஷார்ட் ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) 6, வெளிவட்டத்தில் இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷார்ட் ஸ்டாப் பந்தைப் பிடித்து இரண்டாவது பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து அது முதல் பேஸுக்குப் போய் இருவர் ஆட்டமிழந்தால் 6–4–3 என்று எழுதினால் போதும். மட்டையாளர் மூன்று ஸ்டிரைக்கில் (அடிக்கத் தவறிய, அல்லது சரியாக வந்தும் அடிக்காமல் விட்ட பந்துகள்) வெளியேறினால் ‘கே’ என்ற ஆங்கில எழுத்து. மூன்றாவது ஸ்டிரைக்கை அடிக்காமலே பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். கை எழுதப் பழகினால், கண் தானாக ஆட்டத்தின் உள்ளே போகும்.

ஒவ்வொரு மட்டையாளருக்கும் சிறு கட்டம், அதனுள் நான்கு பேஸ்களைக் குறிக்கும் சாய்சதுரம். 2004 அக்டோபர் 17 அன்று ஃபென்வேயில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தவர்களின் அட்டையில், ராபர்ட்ஸின் அந்த ஓட்டம் சாய்சதுரத்தின் வலது மேல் கோட்டருகே ‘எஸ் பி’ (திருடிய பேஸ்) என்ற இரண்டே ஆங்கில எழுத்துகளாகத்தான் பதிந்திருக்கும்.