கீமோ குமட்டலும் மணிக்கட்டு அழுத்தமும்: சிஸ்டரிடம் கேளுங்கள்

புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றும் வார்டில் நர்ஸாக வேலை பார்ப்பதால் இந்தக் கேள்விகள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

சிஸ்டர், அம்மாவுக்கு வியாழக்கிழமை முதல் கீமோ. கையில் எங்கேயோ அழுத்தினால் குமட்டல் குறையுமாமே, எந்த இடம்?

பி6 என்பார்கள், சீன வைத்தியத்தில் நெய்குவான். அம்மாவின் உள்ளங்கை மேலே பார்க்கிற மாதிரி கையை மடியில் வையுங்கள். மணிக்கட்டு மடிப்பு ரேகையிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் அகலம் அளந்துகொள்ளுங்கள். அம்மாவின் விரல்தான் கணக்கு, உங்களுடையது இல்லை. இங்கேதான் பாதிப் பேர் தப்பு செய்கிறார்கள். மூன்றாவது விரல் முடிகிற இடத்தில், நடுவில் கயிறு போல இரண்டு நாண்கள் ஓடும், அவற்றுக்கு இடையே உள்ள பள்ளம்தான் புள்ளி. தெரியவில்லையா, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை லேசாக மடக்கச் சொல்லுங்கள், எழும்பி நிற்கும். சிலருக்குப் பிறவியிலேயே அதில் ஒன்று இருக்காது, அது குறை இல்லை, கையின் நடுக்கோட்டில் வைத்தால் போதும். கட்டைவிரலால் அழுத்திச் சின்ன வட்டமாக இரண்டு மூன்று நிமிடம், அப்புறம் மறு கை. அழுத்தம் தெரியணும், வலிக்கக் கூடாது.

இது நன்றாக வேலை செய்தால் வாந்தி மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடவே கூடாது. ஒன்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன் எல்லாம் வாந்தி வருமுன்பே தடுக்கக் கொடுப்பவை, சிஸ்பிளாட்டின் மாதிரி கீமோ மருந்துக்கு அவை இல்லாமல் தாங்க முடியாது. ஒன்டான்செட்ரான் மலச்சிக்கல் தரும், அதுவே குமட்டலைக் கூட்டும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, அல்லது காய்ச்சல் 100.4 டிகிரி தாண்டிவிட்டது என்றால் புள்ளியைத் தேடிக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.

நிஜமாகவே பலன் உண்டா, இல்லை மனப்பிரமையா?

நேர்மையாகச் சொன்னால், இரண்டும் கலந்திருக்கலாம். 1980களில் பெல்ஃபாஸ்ட் டாக்டர்கள் இந்தப் புள்ளியை வைத்துச் செய்த ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. ஆனால் 2013ல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 500 நோயாளிகளைப் பிரித்து, சிலருக்கு இந்தப் புள்ளியை அழுத்துகிற நிஜ மணிக்கட்டுப் பட்டை, சிலருக்குப் போலிப் பட்டை, மற்றவர்களுக்கு வழக்கமான மருந்து மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பட்டை கட்டியவர்களுக்குக் குமட்டல் கொஞ்சம் குறைவு, ஆனால் உறுதியாகச் சொல்லுமளவு வித்தியாசம் இல்லை. வேடிக்கை என்னவென்றால் போலிப் பட்டைக்காரர்களுக்கும் அப்படித்தான். அதனால் பட்டைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்காதீர்கள், கட்டைவிரல் இலவசம்.

எனக்கு இடது மார்பகத்தில் ஆபரேஷன், அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்துவிட்டார்கள். இடது கையில் பட்டை கட்டலாமா?

வேண்டாம்மா. அந்தக் கையை இறுக்கினால் வீக்கம் வரலாம். வலது கையில் மட்டும், அதுவும் ட்ரிப்ஸ் ஏறாத நேரத்தில். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்திருந்தால் எந்தக் கையிலும் அழுத்தித் தேய்க்காதீர்கள், கன்றிப்போகும்.

அண்ணனுக்கு ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலே ஓங்காளிக்கிறது, மருந்து ஏறவே இல்லை சிஸ்டர்.

நடிப்பு இல்லை அது. முந்தைய முறை பட்ட பாட்டை உடம்பு ஞாபகம் வைத்திருக்கிறது, பினாயில் வாசனை போதும். டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், முதல் நாள் ராத்திரியே போட மாத்திரை தருவார்கள். ஆட்டோவில் ஏறியதுமே நீங்கள் அவர் கையைப் பிடித்து அந்த இடத்தை அழுத்த ஆரம்பித்துவிடுங்கள்.