கூப்பன் காலத்து இளவரசிகள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பாலே என்ற ஐரோப்பிய மேடை நடனம் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. சரி, இந்த வாரம் முழுக்க அதுதான்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பாலே ஆடுகிற பெண்கள் மகாராணிகள் மாதிரி இருக்கிறார்கள். 1940, 50களில் ஐரோப்பாவில் அதற்கு ஏன் அவ்வளவு மவுசு?
(வாசகி, கும்பகோணம்)

ஒரே சொல்லில் கேட்டால், பசி. லண்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். போர் நடந்த வருடங்களில் கோவென்ட் கார்டன் ராயல் ஓபரா ஹவுஸ், லீவில் வந்த சிப்பாய்கள் காசு கொடுத்து ஜோடியாக ஆடிவிட்டுப் போகிற டான்ஸ் ஹாலாக ஓடிக்கொண்டிருந்தது. 1946 பிப்ரவரி 20 அன்று அதை மறுபடி அரங்கமாகத் திறந்தபோது சாட்லர்ஸ் வெல்ஸ் என்ற லண்டன் பாலே குழு 'ஸ்லீப்பிங் பியூட்டி'யை ஆடியது, ராஜ குடும்பமே வந்து உட்கார்ந்து பார்த்தது. ஊர் இருந்த நிலைமையோ வேறு: துணிக்குக் கூப்பன், சர்க்கரைக்குக் கூப்பன், போர் நடந்தபோதுகூட அளவில்லாமல் கிடைத்த ரொட்டிக்கே அந்த ஜூலையில் கூப்பன் வந்துவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் ஆலிவர் மெஸல் என்ற வடிவமைப்பாளர் கிடைத்த துணியை வைத்து மேடையில் ஒரு அரண்மனையையே எழுப்பினார். நூறு வருடம் தூங்கிய அரண்மனை கண்விழிக்கிற கதை. குண்டு விழுந்த தெருவிலிருந்து நடந்து வந்து டிக்கெட் வாங்கியவர்களுக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கதையின் இளவரசியாக ஆடியவர் மார்கோ ஃபோண்டெய்ன். அதில் ஒரு இடம் வரும்: இளவரசி ஒற்றைக் கால் நுனியில் நிற்க, நான்கு இளவரசர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கையைப் பிடிப்பார்கள். ஒருவர் கையை விட்டு அடுத்தவர் கையைத் தொடுவதற்குள் எதையும் பிடிக்காமல் அந்தரத்தில் நிற்கிறாளே, அந்த இரண்டு மூன்று விநாடிக்கு அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். கையில் பிடிமானம் இல்லை, முகத்தில் மட்டும் புன்னகை. அப்போதைய இங்கிலாந்தும் கிட்டத்தட்ட அதே கோலத்தில்தான் நின்றுகொண்டிருந்தது என்று எனக்குத் தோன்றும். 1949 அக்டோபரில் இதையே நியூயார்க்கில் ஆடினார்கள். அடுத்த மாதமே 'டைம்' இதழின் அட்டையில் ஃபோண்டெய்ன்.

பாரிஸ் கதை இன்னும் பளபளப்பு. கிறிஸ்டியன் டியோர் தன் முதல் உடைத் தொகுப்பை வெளியிட்ட அதே 1947-ல் நடன அமைப்பாளர் ரோலான் பெத்தியின் பாலே ஒன்றுக்கும் உடை தைத்துக் கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து பெத்தியின் 'கார்மென்'னில் ஸிஸி ஷான்மேர் பையன் மாதிரித் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றார். நீளக் கூந்தலைக் கொண்டை போட்ட பாலே பெண்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! பெத்தியின் அம்மா ரோஸ் ரெப்பெட்டோ மகனுக்காக ஆட்டக் காலணி தைக்க ஆரம்பித்தார். 1956-ல் நடிகை பிரிஜித் பார்தோ தெருவில் போட்டு நடக்கிற மாதிரி ஒரு ஜோடி கேட்க, அதையும் தைத்துக் கொடுத்தார். இன்று செருப்புக் கடையில் 'பெல்லீஸ்' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த ஜாதிதான்.

பாலே ஆடுகிறவர்கள் கால் நுனியில் நிற்கப் போடுகிற ஷூவுக்குள் இரும்போ மரக்கட்டையோ வைத்திருப்பார்கள் என்கிறான் என் நண்பன். உண்மையா?
(வாசகர், திருநெல்வேலி)

உங்கள் நண்பரிடம் பந்தயம் கட்டியிருந்தால் வசூல் செய்துகொள்ளுங்கள். உள்ளே இருப்பது துணியும் காகிதமும் பசையும்தான். கித்தான் மாதிரித் துணியை அடுக்கடுக்காகப் பசை போட்டு ஒட்டிக் காயவைப்பார்கள், மேலே சாட்டின். பார்க்க ரோஜா இதழ் மாதிரி இருக்கும், புதிதாகப் போட்டால் மரக்கட்டைதான், அந்த அளவில் நண்பர் சொன்னதும் சரி. அதனால் ஆடுகிறவர்கள் முதலில் அதைச் சுவரில் அடிப்பார்கள், கதவிடுக்கில் வைத்து நசுக்குவார்கள், நுனியில் நூல் போட்டுத் தைப்பார்கள். இவ்வளவும் பண்ணி ஒரு பெரிய வேடத்தை ஆடினால் ஒரே ராத்திரியில் வியர்வையில் பசை இளகி ஷூ செத்துப்போகும். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு மூன்று ஜோடி போவதும் உண்டு. லண்டனில் 1929-ல் தொடங்கிய ஃப்ரீட் கடையில் ஒவ்வொரு ஷூவின் அடியிலும் அதைச் செய்த தொழிலாளியின் முத்திரை இருக்கும், ஆடுகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த முத்திரைக்காரர்தான் செய்து தர வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். நம்மூரில் தையல்காரரை மாற்றாதவர்களுக்கு இது புரியும்.

பாலே ஆடுகிற வெள்ளைக்காரர்களின் பெயர்கள் மட்டும் ஏன் வாயில் நுழைவதில்லை?
(வாசகர், ஈரோடு)

பாதி பெயர் சொந்தப் பெயரே இல்லை. மார்கோ ஃபோண்டெய்னின் பிறப்புப் பெயர் பெகி ஹூக்கம். சாட்லர்ஸ் வெல்ஸ் குழுவைத் தொடங்கிய நினெட் டி வலுவா அயர்லாந்தில் பிறந்த எட்ரிஸ் ஸ்டானஸ். அலீஷியா மார்கோவா லண்டனில் பிறந்த மிஸ் மார்க்ஸ். ரஷ்யப் பெயரோ பிரெஞ்சுப் பெயரோ இல்லாவிட்டால் டிக்கெட் விற்காது என்ற பயம்தான்.

ஃபோண்டெய்னுக்கும் நுரேயெவுக்கும் காதல் இருந்ததா, இல்லையா?
(வாசகி, சென்னை)

அது அவர்கள் பாடு. எனக்குக் கணக்குதான் சுவாரசியம். 1961 ஜூன் 16, பாரிஸ் லெ பூர்ஷே விமான நிலையம். சோவியத் நாட்டின் கிரோவ் பாலே குழு லண்டனுக்குக் கிளம்புகிறது, நீ மட்டும் மாஸ்கோவுக்குப் போ என்கிறார்கள், அதில் ஆடிக்கொண்டிருந்த நுரேயெவ் பிரெஞ்சு போலீசிடம் அடைக்கலம் கேட்டுவிடுகிறார். எட்டு மாதம் கழித்து, 1962 பிப்ரவரி 21 அன்று லண்டனில் ஃபோண்டெய்னோடு 'ஜிசெல்' பாலே. அவருக்கு 23, அம்மணிக்கு 42. மற்றவர்கள் ஓய்வு பெறுகிற வயதில் அந்த அம்மாளுக்கு இன்னொரு ஆட்ட வாழ்க்கை கிடைத்தது. ஆட்டம் முடிந்ததும் தனக்கு வந்த பூங்கொத்திலிருந்து ஒரு ரோஜாவை அவர் எடுத்து நீட்ட, நுரேயெவ் மண்டியிட்டுக் கையை முத்தமிட்டார். அரங்கம் இரண்டுபட்டது. 1964-ல் ஃபோண்டெய்னின் கணவரை பனாமாவில் சுட்டுவிட்டார்கள். கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போன அவருடைய வைத்தியச் செலவுக்காகவும்தான் அந்த அம்மாள் அறுபதை நெருங்கும்வரை ஆடினார். அட்டைப்படத்தில் இதெல்லாம் தெரியாது. இறந்தது 1991-ல், அதே பிப்ரவரி 21.

தொப்பித் திருட்டால் ஒரு பாலே நிகழ்ச்சியே நிற்கப் பார்த்ததாமே?
(வாசகர், கோயம்புத்தூர்)

ஆமாம், 1956-ல். வட்டு எறிதலில் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய சோவியத் வீராங்கனை நினா பொனமரேவா, லண்டன் ஆக்ஸ்ஃபோர்ட் தெருக் கடையில் ஐந்து தொப்பிகளைத் திருடியதாக வழக்கு. மாஸ்கோவுக்குக் கோபம், அங்கிருந்து லண்டனுக்கு ஆட வரவேண்டிய போல்ஷோய் பாலே குழு வருவதே சந்தேகமாகிவிட்டது. ஒருவழியாக வந்துசேர்ந்தார்கள். 46 வயது கலினா உலானோவா பதினான்கு வயதுகூட நிறையாத ஜூலியட்டாக வந்து மேடையில் ஓடியதைப் பார்த்து லண்டன் வாயடைத்துப் போனது.  வழக்கு என்னாயிற்று என்கிறீர்களா? மூன்று கினி (பழைய பிரிட்டிஷ் பணக் கணக்கு) செலவுத்தொகை கட்டச் சொல்லி விட்டுவிட்டார்கள்.

நமக்கும் இதற்கும் ஏதாவது ஒட்டு உறவு உண்டா? பரதம் ஆடுகிற என் மகள் கேட்கிறாள்.
(வாசகி, புதுச்சேரி)

நிறையவே. ருக்மிணி தேவி அருண்டேலுக்கு முதலில் பிடித்தது பாலேதான். ரஷ்யப் பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நார்டியிடம் கற்றுக்கொண்டார், உங்கள் நாட்டு ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள் என்று திருப்பிவிட்டவர் பாவ்லோவா. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்ற ராம் கோபால், 1960-ல் மார்கோவாவோடு சேர்ந்து 'ராதா கிருஷ்ணா' ஆடினார். மேலே சொன்ன மிஸ் மார்க்ஸ்தான், ராதையாக!

அப்புறம் 'லா பயாதேர்' என்ற பாலே. பாரிஸில் நுரேயெவைப் பார்த்து ஊரே வியந்தது இதில்தான், 1963-ல் இதன் ஒரு காட்சியை லண்டனில் அவரே அமைத்தார். கதாநாயகி ஒரு கோயில் தேவதாசி. கடலூர்ப் பக்கத்துத் திருவந்திபுரத்துத் தேவதாசிகள் சிலர் 1838-லேயே பாரிஸ் போய் ஆடிவிட்டு வந்தவர்கள் என்பதை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். மேடைத் தேவதாசியின் பெயர் நிக்கியா. எந்த ஊர்க் கோயிலில் அப்படிப் பெயர் வைத்தார்கள் என்று மகள் கேட்டால் என்னிடம் அனுப்பாதீர்கள்.