முதல் முக்குளிப்புக்கு எந்தத் தீவு?

கேள்வி: நானும் என் மனைவியும் ஸ்கூபா டைவிங் கற்கக் கரீபியன் தீவுகளுக்குப் போகிறோம். முன் அனுபவம் இல்லை. எந்த ரிசார்ட் சரி?

பதில்: அறையைவிட, ரிசார்ட்டுக்கு முன்னால் உள்ள கடலைப் பாருங்கள். எங்கள் தேர்வு பொனேர் தீவின் மேற்குக் கரை. காற்று கிழக்கிலிருந்து வீசுவதால் இங்கே அலை குறைவு. பவளத்திட்டும் கரையை ஒட்டியே இருக்கிறது. கரையோரம் கூரிய பவளக் கற்கள் கிடக்கும், முதுகில் காற்றுத் தொட்டியைச் சுமந்து நடந்தால் கால் இடறும். அதனால் படகுத்துறையும் ஏணியும் உள்ள ரிசார்ட்டாகப் பிடியுங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை கரீபியனில் புயல் காலம். தெற்கே இருப்பதால் பொனேரைப் புயல் தாக்குவது அரிது. மெக்சிகோவின் கோசுமெல் தீவும் பேரழகுதான். ஆனால் நீரோட்டம் வலுவானது, நீருக்குள் மேலே எழாமலும் கீழே அமிழாமலும் மிதப்பைக் கட்டுப்படுத்தப் பழகியபின் போகலாம்.

முன்பதிவுக்கு முன், ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். பாடி (PADI) என்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் தொடக்கநிலைப் படிப்பான ஓப்பன் வாட்டர் பயிற்சியில் 8 பேர் வரை அனுமதி உண்டு. 4 பேர் என்றால் நிம்மதி. ஆஸ்துமா இருந்தால், முக்குளிக்கலாம் என்று மருத்துவரின் கையொப்பத்தை ஊரிலேயே வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் அங்கே போயும் கரையில்தான் உட்கார வேண்டியிருக்கும். சளி பிடித்திருந்தால் இறங்கவே வேண்டாம்: காதில் அழுத்தம் சமனாகாமல் செவிப்பறை கிழியலாம். பல முறை முக்குளித்தவர்கள் விமானம் ஏறும் முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். கடைசி நாளைக் காலியாக வையுங்கள்.