முயல் திடீரென்று கடித்தால் முதலில் புழுக்கையைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீடு பாளையங்கோட்டையில். இரண்டு மாதக் குட்டிகளாக வாங்கிய இரண்டு முயல்களை ஒரே கூண்டில் வளர்க்கிறோம். இரண்டும் பெட்டை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இப்போது ஏழு மாதம் ஆகிறது. மடியில் ஏறிப் படுத்துக்கொள்ளும் வெள்ளை முயல், பத்து நாளாகக் கூண்டுக்குள் கை விட்டாலே உறுமிக்கொண்டு பாய்கிறது. பிள்ளையைக் கடித்தும் விட்டது. இரண்டு நாளாகத் தன் முடியையே பிய்த்து மூலையில் சேர்க்கிறது. நேற்றிலிருந்து தீவனமும் பாதிதான் எடுக்கிறது. கண் பட்டிருக்கும் என்று ஆச்சி சூடம் சுற்றிப் போட்டார்கள். சித்திரை வெயில்தான் காரணமா, வேறு நோயா?

பதில்: நீங்கள் சொல்வதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. உறுமுவது, கடிப்பது, முடி பிய்ப்பது மூன்றும் வயதோடும் சினையோடும் சேர்ந்தவை. அவற்றைப் பொறுமையாகப் பார்க்கலாம். தீவனம் குறைந்ததைத்தான் இன்றே பார்க்க வேண்டும். முயலின் குடல் ஓயாமல் நார் உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் ஓடும். 12 மணி நேரம் ஒன்றுமே தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் குடல் ஓட்டம் நின்று, உள்ளே காற்று சேர்ந்து, வலியில் இன்னும் தின்ன மறுக்கும். அப்படியே ஓரிரு நாளில் உயிர் போய்விடும். முடியைப் பிய்க்கும் முயல் அதில் கொஞ்சத்தை விழுங்கவும் செய்யும். தண்ணீரும் காய்ந்த புல்லும் குறைவாக இருந்தால் அது வயிற்றிலேயே தங்கிவிடும்.

எனவே இன்று மாலை கூண்டின் அடித்தட்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, நாளைக் காலையில் பாருங்கள். உருண்டையாக, காய்ந்து, உடைத்தால் புல் நார் தெரியும் புழுக்கை வழக்கம்போல் கிடந்தால் குடல் ஓடுகிறது. சிறுத்து, கறுத்து, முடியில் கோத்த பாசிமணி போலத் தொடர்ந்து வந்தால் தடை தொடங்கிவிட்டது. ஒன்றுமே இல்லை என்றால் அன்றைய வேலையை விட்டுவிட்டு மருத்துவரிடம் கிளம்புங்கள். மூலையில் முதுகைக் கூனி உட்காருவது, கண்ணைப் பாதி மூடிக்கொள்வது, பல்லைச் சத்தமாக நறநறவென்று கடிப்பது, வயிற்றைத் தரையோடு அழுத்திப் படுப்பது இவையெல்லாம் வலியின் அடையாளங்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காலைவரை காத்திருக்காதீர்கள். தடவும்போது மெல்லப் பல்லை உரசுவது வேறு, அது சுகத்தில் செய்வது.

வெயில் காலத்தில் ஒரு குழப்பமும் உண்டு. திருநெல்வேலியின் சித்திரை, வைகாசிச் சூட்டில் நல்ல முயலும் பகலில் தின்னாது, இரவில்தான் தின்னும். நீங்கள் பகல் தட்டை மட்டும் பார்த்துப் பாதி என்று சொல்கிறீர்களா என்று சரிபாருங்கள். தீவனத்தைக் காலை 7 மணிக்குள்ளும், பெரும்பகுதியை மாலை 6 மணிக்கு மேலும் வைத்து, 24 மணி நேரக் கணக்கை எடுங்கள்.

இனி குணமாற்றம். முயல் 4 முதல் 6 மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். அதன்பின் கூண்டு அதற்குச் சொந்த இடம். உள்ளே வரும் கை, நேற்றுவரை தீனி தந்த கையாக இருந்தாலும், அத்துமீறிய கைதான். முயலின் மூக்குக்கு நேர் முன்னால் பார்வை விழாத ஒரு சிறு இடமும் இருக்கிறது. அங்கே கையை நீட்டினால் திடுக்கிட்டுக் கடிக்கும்.

முடி பிய்ப்பது குட்டிக்குப் படுக்கை செய்வதற்காக. சினை 28 முதல் 32 நாள் நிற்கும், படுக்கையைப் பெரும்பாலும் கடைசி நாட்களில்தான் செய்யும். சினை பிடிக்காமலே சினைபோல் நடந்துகொள்ளும் பொய்ச்சினையோ 16 முதல் 18 நாளில் முடிந்துவிடும், படுக்கை வேலை அந்த முடிவை ஒட்டி வரும். பெட்டை முயலுக்குக் கருமுட்டை மாதக் கணக்கில் வெளிவருவதில்லை, இணைசேரும் தூண்டுதலால்தான் வெளிவரும். கூட இருக்கும் இன்னொரு பெட்டை மேலே ஏறினாலே போதும். இடுப்புப் பக்கம் அடிக்கடி தடவிக் கொடுப்பதும் சில முயல்களைத் தூண்டிவிடும்.

ஆனால் உங்கள் இரண்டாவது முயல் பெட்டைதானா? இரண்டு மாதக் குட்டியில் ஆண் பெண் பிரிப்பது பழகிய கண்ணையே ஏமாற்றும். ஏழு மாதத்தில் ஆண் என்றால் பின்கால்களுக்கு நடுவே முடியில்லாத இரண்டு விதைப்பைகள் பெரும்பாலும் தெளிவாகத் தெரியும். ஆண் என்று தெரிந்தால், சந்தேகமாக இருந்தாலும்கூட, இன்றே தனிக்கூண்டு. குட்டி போட்ட அன்றே மறுபடி சினைபிடிக்கக் கூடிய விலங்கு இது. சினையா என்பதை 12 முதல் 14 நாளுக்கு மேல் மருத்துவர் வயிற்றைத் தடவியே சொல்லிவிடுவார். வீட்டில் யாரும் அழுத்திப் பார்க்க வேண்டாம். சினை என்றால், ஏறக்குறைய 50 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலத்தில் ஒரு மரப்பெட்டியில் காய்ந்த புல் போட்டு வையுங்கள்.

பொய்ச்சினை என்றால் மருந்து தேவையில்லை. சேர்த்த முடியைத் தினமும் அள்ளி எறியாதீர்கள், எறிந்தால் மறுபடி நெஞ்சைப் பிய்க்கும். அதுவாகக் கைவிட்ட பிறகு எடுங்கள். தட்டையும் தண்ணீரையும் கதவோரம் மாற்றிவிட்டு, முயலை வெளியே உலவ விட்ட நேரத்தில் கூண்டைச் சுத்தம் செய்யுங்கள். தொட வேண்டுமானால் பக்கவாட்டிலிருந்து நெற்றிக்குக் கையைக் கொண்டுபோங்கள். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. தூக்கும்போது பின்பக்கத்தையும் தாங்குங்கள், உதறி உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியும்.

இந்த நாட்களில் தீனியின் முக்கால் பங்குக்கு மேல் புல்லாக இருக்கட்டும். நிழலில் உலர்த்திய அருகம்புல் எப்போதும் கிடக்க வேண்டும். 2 கிலோ முயலுக்குக் குச்சித் தீவனம் நாளுக்கு 40 முதல் 50 கிராம் போதும். பிஸ்கட், சோறு, இட்லி வேண்டாம். முருங்கைக்கீரை, கொத்தமல்லி ஒரு கைப்பிடி கொடுக்கலாம். அதையும் முகர்ந்துவிட்டுத் திரும்பினால் உடம்பு சரியில்லை என்றே கொள்ளுங்கள். வயல் வரப்பில் அறுத்த புல்லை, கார், பிசானம் எந்தப் பருவமானாலும், மருந்து தெளித்த வயலா என்று கேட்காமல் போடாதீர்கள்.

வெயிலைப் பொறுத்தவரை, 30 டிகிரிக்கு மேல் முயலுக்குத் துன்பம் தொடங்கும். அதற்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். மொட்டை மாடியிலோ தகரக் கூரைக்கு அடியிலோ கூண்டு இருந்தால் கீழே இறக்குங்கள். நனைத்த சாக்கைப் பக்கத்தில் தொங்கவிட்டு, உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். காது சிவந்து கொதித்து, வாய் திறந்து மூச்சிரைத்தால் சாதாரணத் தண்ணீரால் காதை நனைத்தபடி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

பக்கத்தில் கோயில் கொடை நடக்கிறதா என்பதையும் எண்ணிப் பாருங்கள். வேட்டும் மேளமும் ஒலிபெருக்கியும் விடியவிடியக் கேட்டால், பயத்தில் பின்காலைத் தரையில் அடித்துக்கொண்டே இருக்கும். பயமே குடலை நிறுத்திவிடும். அந்த இரவுகளில் உள்அறையில் வையுங்கள். சுற்றிப் போடுவதில் தவறில்லை, ஆனால் சூடப்புகையும் சாம்பிராணிப் புகையும் கூண்டருகே வேண்டாம். முயல் வழக்கமாக மூக்கால் மட்டுமே மூச்சு விடுவது, புகையைத் தாங்காது.

கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தால், காதுக்குள் தவிட்டு நிறப் பொருக்கு தெரிந்தால், மூக்கு நுனியிலோ பாதத்திலோ வெள்ளைச் சொறி படர்ந்தால், அந்தக் கடிக்கு வேறு காரணம் இருக்கிறது. சொறி மனிதருக்கும் ஒட்டும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைத் தடவ வேண்டாம், அதில் இருக்கக்கூடிய ஃபிப்ரோனில் முயலைக் கொன்றுவிடும். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலினும் கூடவே கூடாது. வாய்வழி கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களை அழித்துவிடும்.

பிள்ளையின் கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, டி.டி. ஊசி வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

உங்களுக்குப் பக்கத்திலேயே ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வெயில் ஏறும் முன் கிளம்புங்கள். காற்றோட்டமான கூடையில் புல்லோடு வைத்துக் கொண்டுபோங்கள். முயலுக்கு வாந்தி வராது என்பதால் வெறும் வயிற்றோடு கொண்டுபோகத் தேவையில்லை, பட்டினி போட்டால் கேடுதான். அன்று காலைப் புழுக்கையைத் தாளில் மடித்து எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பையையும் சினைப்பையையும் நீக்கும் அறுவை பற்றியும் அங்கேயே கேட்டுவிடுங்கள். பொய்ச்சினை திரும்பத் திரும்ப வராமல் இருக்கவும், வயதான பெட்டைகளுக்கு அதிகம் வரும் கருப்பைப் புற்றைத் தவிர்க்கவும் அதுதான் வழி. இரண்டாவது முயல் ஆணாக இருந்து அதற்கு அறுவை செய்தால், அதன்பிறகும் 4 முதல் 6 வாரம் பெட்டையோடு சேர்க்காதீர்கள்.